திரை அணையும் புதன்

மருந்து குடோனில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் கண் எரியும் என்று டிரைவர்கள் வைத்தது. அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எந்த மருந்து எந்த வண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தானே முடிவு செய்யும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தவளே அவள்தான். ஆனால் புதன்கிழமைதோறும் காலையில் ஒரு மணி நேரம் அதை அணைத்துவிடுவாள். அப்போது போனும் கரும்பலகையும்தான். போன மழையில் லைன் அறுந்து திரை இருண்டபோது குடோனே கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்துப் பிடித்த பிடிவாதம் அது.

ஒரு புதன்கிழமை மேனேஜர் அவளை வாசலிலேயே மடக்கினார்.

"ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கற ஆபீசரம்மா வர்றாங்க. இன்னைக்கு உன் கூத்து வேண்டாம். எல்லாமே மெஷின்தான், ஆளே தேவையில்லைன்னு காட்டணும். அடுத்த மாசம் போன் மேஜையையும் எடுத்துடப் போறோம்."

டிரைவர்களைப் போனில் கூப்பிட்டு வண்டி அனுப்பும் அந்த மேஜையில் வேலை பார்த்தது அவளுடைய சித்தியும் இன்னொருத்தியும்.

"என்னைக் கேக்கறீங்களா, சொல்றீங்களா?"

"சொல்றேன். அணைச்சா உன் வேலையும் சேந்து அணையும்."

சித்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "எங்களுக்காக உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்காதடி."

"உனக்காகன்னு யாரு சொன்னா? நான் கூப்பிட்டா ஒரு டிரைவரும் போனை எடுக்க மாட்டேங்கறான். நீ கூப்பிட்டாதான் எடுக்கறான்."

வந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையை அணைத்தாள். மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

சித்தி போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டாள். "ஏம்ப்பா மொட்டை, எங்க இருக்கே? டீ குடிச்சது போதும், வண்டியத் திருப்பு!" பலகையில் சாக்பீஸ் ஓடியது. முதல் வேன் மளமளவென்று நிரம்பி வாசலுக்கு வந்தது. மிளகாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வந்த அம்மாள் ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே கையை விட்டார்.

"இன்சுலின்தானே இது? ஐஸ் எங்க?"

பெட்டியில் ஒரு ஐஸ் பைகூட இல்லை. லோடு ஏற்றும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "மெஷின் கீச்சுனு கத்தும், அப்ப வைப்போம்... இன்னைக்குக் கத்தலயே."

மேனேஜர் சிரித்தே விட்டார். "பாத்தீங்களாம்மா? மனுஷனை நம்பினா இந்தக் கதிதான்."

மிளகாய்க்குக் காது சுட்டது. அந்தச் சத்தத்தை வைத்தவளே அவள்தான். கைகளுக்கு இருந்த ஞாபகத்தைச் சத்தத்துக்குத் தாரை வார்த்தவளும் அவள்தான். தலையைக் குனிந்துகொண்டு திரையைப் போட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"ஆமா, தப்புதான். என் தப்பும் அதுல இருக்கு. மெஷின் மறக்காது, நாங்க மறப்போம். அதுக்குத்தானே அதைக் கொண்டுவந்தேன்? ஆனா அது செத்துக் கிடக்கற அன்னைக்கு இப்படி மறந்தா, கெட்டுப்போன மருந்து ஊசி போட்டுக்கறவங்க உடம்புக்குள்ள போயிடும். இன்னைக்கு வாசலோட நின்னுடுச்சு. இந்த மேஜையையும் எடுத்துட்டீங்கன்னா, அன்னைக்கு வண்டிய நிறுத்துன்னு கத்தக்கூட ஆள் இருக்காது சார்."

வந்த அம்மாள் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "மறுபடி ஏத்துங்க, பாக்கறேன்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். மிளகாய் குறுக்கே போய் நின்றாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகல."

"நாளைக்கு நீ இந்த வாசலை எப்படி மிதிக்கறேன்னு பாக்கறேன்."

"நாளைக்குப் பாருங்க. இப்ப தள்ளி நில்லுங்க சார், வண்டி நிக்குது."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, எல்லாப் பெட்டியையும் இறக்குங்க. முதல்லேருந்து."