கென்யச் சூறாவளியின் முதல் கோல்

என் வாப்பாவுக்கு ஊர் மேலப்பாளையம். உம்மாவுக்குக் கென்யாவின் மொம்பாசா. துபாயில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வெங்காயம் உரித்தபோது காதல் வந்ததாம். அன்று வந்த கண்ணீர் வெங்காயத்தால்தான் என்று இருவரும் இன்றுவரை சாதிக்கிறார்கள். நான் பிறந்தது மேலப்பாளையத்தில். உம்மாவின் நிறமும் முடியும் எனக்கு வந்தன. வாப்பாவின் தொப்பையும் சோம்பலும் கூடவே வந்தன. முஹ்சின் என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். அதை யாரும் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

தெருவில் நான் ‘கென்யா’. பள்ளியில் ‘ஆப்பிரிக்கா’, ஒரு கண்டத்தையே என் தலையில் கட்டிவிட்டார்கள். டவுண் அல்வாக் கடை அண்ணாச்சி என்னைக் கண்டதும் “ஸ்வீட்... குட்...” என்று கையை ஆட்டுவார். “கால் கிலோ போடுங்க அண்ணாச்சி, சூடா இருக்கட்டும்” என்றால் கரண்டியை நழுவ விடுவார். பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு வந்தாலும் என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும். பையை வைக்க வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பத்தொன்பது வயதாகிறது, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு தொல்லை: பார்க்கிறவர்களுக்கெல்லாம் நான் கால்பந்தில் புலி. உண்மையில் பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடும் மரியாதைக்காரன் நான். வாப்பாவின் தங்கை மகன் சல்மான் ஃபாரிஸுக்கு இது தெரியும். தெரிந்தும் எழுவர் போட்டிக்கு என்னை அவன் அணியில் சேர்த்தான்.

“நீ ஆட வேண்டாம்லே. சும்மா நில்லு. உன்னயப் பாத்தே பயந்துருவானுவோ.”

ஃப்ளெக்ஸ் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. மறுநாள் மைதான வாசலில், சிங்கத்தின் மீது கைபோட்டபடி நான் நின்றேன். கீழே: ‘களமிறங்குகிறது கென்யச் சூறாவளி!’

சாத்தான்குளம் அணித் தலைவன் மெர்வின் அதைப் படித்தான். பயப்படவில்லை. நேரே நடுவர் மேடைக்குப் போய்விட்டான்.

“சார், டீம்ல வெளியூர் ஆளே கூடாதுன்னு விதி இருக்கு. இவனுவோ வெளிநாட்டுலேருந்தே ஆள எறக்கிருக்கானுவோ!”

நடுவர் சுவிசேஷமுத்து, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், என் ஆதாரை வாங்கிப் பார்த்தார். ஆதார் படத்தில் எல்லாருமே என் நிறம்தான். நாட்டிலேயே சமத்துவம் உள்ள இடம் அது ஒன்றுதான்.

“இது யார் மூஞ்சியாவும் இருக்கலாமே தம்பி. ஃப்ளெக்ஸ்ல நீங்களே கென்யான்னு போட்டிருக்கீங்க. வெளிநாட்டு வீரர் நீக்கம்னு மைக்ல சொல்லிரட்டுமா?”

சல்மான் என் காதில் கிசுகிசுத்தான். “பைய வெளிய போயிரு மச்சான். உனக்குப் பதிலா நம்ம மாத்து ஆளு நூகு எறங்கட்டும். அவன் நல்லாவும் ஆடுதான்.”

அது உண்மை. நான் இல்லாவிட்டால் அணி பிழைக்கும். ஆனால் தெரு கூப்பிடுவதை மைக்கும் சொல்லிவிட்டால், பிறகு நான் எங்கே போய் முஹ்சினாக இருப்பது?

“போவேன். அதுக்கு முன்னால நான் யாருன்னு நீ சொல்லு.”

“சொன்னா நம்ம மானம் போயிரும்லே.”

“எனக்குத் தெனமும் போவுது. ஒரு நா நீயும் வா.”

சல்மான் என்னைப் பார்த்தான். பிறகு சிங்கத்தைப் பார்த்தான். மைக்கை வாங்கினான்.

“ஃப்ளெக்ஸ்ல போட்டது பொய். இவன் சூறாவளியும் இல்ல, கென்யாவும் இல்ல. எங்க மாமா மவன் முஹ்சின். எங்க அடுத்த வீடு. இவன மாதிரி தத்தி ஜில்லாவுலயே கெடையாது. ஆளக் காட்டி மெரட்டலாம்னு நாந்தான் போட்டேன். தப்பு என்னுது.”

மைதானமே சிரித்தது. நான் மைக்கைப் பிடித்து இழுத்தேன்.

“உம்மா கென்யாதாம்லே. அத வெட்டாத.”

“ஆமா. மாமி கென்யா. அவங்க சோத்தத் தின்னுதான் நான் இந்த வெயிட்டு.”

சுவிசேஷமுத்து சிரிப்பை விசிலால் மறைத்தார். “ஆடட்டும்.”

“இவ்வளவு தத்தின்னா தாராளமா ஆடட்டும் சார்” என்றான் மெர்வின்.

அவன் நினைத்தது சரி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் பந்து என்னைத் தேடி வந்தது. அன்றைக்கென்று நான் ஒதுங்கவில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு உதை உதைத்ததில்லை. பந்து பறந்து போய் மூலையில் வலையைக் கிழிப்பதுபோல் விழுந்தது. எங்கள் வலை.

ஒன்றுக்குப் பூஜ்யம். மெர்வின் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். எங்கள் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

“ஏலே முஹ்சினு! கண்ணு பொடதியிலயா இருக்கு?”

“முஹ்சினு, இனிமே இந்தப் பக்கம் வந்த, கால ஒடச்சிருவேன்!”

“லே முஹ்சினு...”

ஒருத்தர்கூட கென்யா என்று சொல்லவில்லை. நான் கையை உயர்த்தி எல்லாருக்கும் ஸலாம் சொன்னேன். சல்மான் என்னை அடிக்கத் துரத்தினான். மைதானத்தை இரண்டு சுற்றுச் சிரித்துக்கொண்டே ஓடினேன். அப்போதுதான் யாரோ சொன்னார்கள்:

“ஆட்டத்துல இப்பிடி ஓடிருக்கலாம்லா!”