மச்சானை மட்டும் வெட்டுங்க

கட்டில்கடை முதலாளி என் எடிட்டிங் அறைக்கு வந்ததும் வராததுமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடை விளம்பர வீடியோவிலிருந்து தன் மச்சானை மட்டும் தூக்கிவிடச் சொன்னார். கூட வந்த மனைவி சுவரோரம் நின்றார். தூக்கப்படப் போகிறவர் அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

அப்படி என்ன செய்துவிட்டார் என்று கேட்டேன். தேக்குக் கட்டில் என்று மாமா விற்பது வெறும் ஒட்டுப்பலகை என்று வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டாராம். கடையை விட்டுத் துரத்தியாயிற்று. இனி வீட்டுப் படியும் ஏறக்கூடாதாம். பாக்கி இந்த வீடியோதான்.

“ஒரு பட்டன அமுக்குனா ஆள் காணாம போயிடுவானாமே” என்றார்.

யார்தான் இந்தப் புரளியைக் கிளப்புகிறார்களோ, எனக்கு வாயில் நன்றாக வருகிறது. கம்ப்யூட்டர் தானாக ஆளைச் சுற்றிக் கோடு போடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காதை விட்டுவிடும், பின்னால் அடுக்கிய தலையணையைத் தலையோடு சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஃபிரேம் ஃபிரேமாகக் கோட்டைத் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது நான்.

திருத்தினேன். மச்சான் போனார், அவர் கை மட்டும் வீடியோவில் பக்கத்தில் நின்ற அக்காவின் தோளிலேயே கிடந்தது. அதை எடுத்தால் தோளில் ஓட்டை. அக்காவின் கை வேறு தம்பியின் முதுகை அணைத்திருந்தது. இரண்டு பேரையும் பிரித்தால் பார்க்கச் சகிக்காது என்றேன்.

“அப்ப ரெண்டு பேரையும் தூக்கிடுங்க. நான் நின்னா போதும், கடை என்னுது.”

மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனிதர். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. வெட்டுவது என் பிழைப்பு, வெட்டினேன். சேர்த்து வெட்டியதால் முடி, விரல் எல்லாம் சுத்தமாக வந்தன. ஒரு திரையில் கட்டிலருகே முதலாளி தனியாக. இன்னொன்றில் வெறும் வெள்ளைமேல் அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டு.

அந்த அம்மா அருகில் வந்து பார்த்தார். வெட்டிய துண்டை அழிக்காமல் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். உனக்கு எதுக்கு அது என்றார் முதலாளி.

“தம்பி தனியா கடை போடறான். நானும் அவங்கூடப் போறேன். விளம்பரத்துக்கு ஆகும்.”

முதலாளிக்கு முகம் தொங்கிவிட்டது. மச்சானைக் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார், கோபத்தில் சொன்னது என்றார். அந்த அம்மா வாசலுக்கு நடந்தார். கடைசியில் முதலாளி என் பக்கம் குனிந்து, பழையபடி ஒட்டிவிடலாமா என்று கேட்டார்.

“வீடியோலதானே? தாராளமா ஒட்டலாம்” என்றேன்.

வீடியோ வந்துவிட்டதா என்று ஃபோனைப் பார்த்தபடியே அந்த அம்மா படி இறங்கிக்கொண்டிருந்தார்.