ஒரு கிலோ இருநூறு கிராம்

1

இந்தக் கதை ஓர் இரும்புத் துண்டிலிருந்து பிறந்தது. உள்ளங்கை அகலம், அரைக் கிலோ கனம். இந்தத் தாள்கள் ஃபேன் காற்றில் பறக்காமல் இப்போது அதுதான் மேலே உட்கார்ந்திருக்கிறது. அது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் ஒன்பது முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘2008, ஊரே மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்த…’ (பழியைக் கரண்டின் தலையில் கட்டும் தொடக்கம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘இசக்கிமுத்துவின் குரல்…’ (அதற்கு மேல் எழுத வரவில்லை.)

2

இசக்கிமுத்து கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். எங்கள் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின் ஓடும்போதும் கடைசி மெஷினுக்குக் கேட்கிற குரல். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும், பதினைந்து நாளில் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் துணி ஸ்டோருக்கு வந்தார்.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணும். என் குரலப் பதிஞ்சு வைக்கணும். நதியா நாலு வயசுப் பிள்ள. நாளைக்கு அப்பன் எப்படிப் பேசுவான்னு கேட்டா, அவ அம்மா அனுசுயாவா மிமிக்ரி பண்ணிக் காட்டுவா?”

நான் அந்த ஸ்டோரில் துணி எடை போடுகிறவன். பேக்கிங் லிஸ்ட் அடிக்கத் தெரியும் என்பதால் கம்பெனியில் எனக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர். (பெயர் வைத்தவன் நானே.)

3

தரணீதரனின் கம்ப்யூட்டர் கடையில் மற்ற பாகமெல்லாம் அரை மணியில் முடிந்தது. எஸ்.எம்.பி.எஸ்ஸில் வந்து நின்றோம். சுவர் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் பக்குவமாகப் பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டி அது. மேசையில் இரண்டு வைத்தார்.

“அண்ணா, இந்தச் சின்னதே போதுமுங்க. முந்நூறு வாட்டுன்னு போட்டிருக்கு, முந்நூறு குடுக்குமுங்க. பெருசுல ஐந்நூறுன்னு போட்டிருக்கு, ஆனா நானே நம்ப மாட்டனுங்க.”

“அப்புறம் எதுக்குங்க தம்பி கடையில வெச்சிருக்கறீங்க?”

“கேக்கறவங்க இருக்கறாங்களேங்க.”

நான் சிரித்தேன். இரண்டையும் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். சின்னது எழுநூறு கிராம். பெரியது ஒரு கிலோ இருநூறு.

[அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் ஊரில் பனியன் துணியை மீட்டரில் வாங்குவதில்லை, கிலோவில் வாங்குகிறோம். துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போட்டால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். மாப்பிள்ளையைக்கூட அப்படிப் பார்க்க முடிந்தால் பார்ப்போம்.]

“இருவது வருசமாத் தராசு புடிக்கறனுங்க. எடை பொய் சொல்லாதுங்க தம்பி.”

இசக்கி தரணீதரன் தோளைத் தட்டினார். “கனமானதையே குடுங்க தம்பி. எங்க விஞ்ஞானி சொன்னா அப்பீல் கிடையாது.”

(எழுத்தாளனுக்கு அதிகாரம் உண்டு, தராசைச் சின்னப் பெட்டியின் பக்கம் சாய்த்துவிடலாம். மூன்று வரைவுகளில் சாய்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் இரும்பு தாளின் மேலேயேதான் இருந்தது.)

4

பன்னிரண்டு பதிவுகள். பெயர் வைத்தது நான்: ‘பள்ளிக்கூடம் போறப்ப’, ‘மார்க் குறைஞ்சா’, ‘காய்ச்சல் வந்தா’… கடைசி, ‘கல்யாணத்துக்கு’. அதற்கு மட்டும் என்னை வெளியே போகச் சொன்னார். வாசலில் நின்றேன். கதவு சாத்தியும் அழுகை கேட்டது. பேச்சு கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் ஓடியது எட்டாவது. சாப்பாட்டு நேரத்தில் இசக்கி மௌஸை அமுக்குவார். கம்ப்யூட்டர் கத்தும்: “ஏட்டி நதியா! சோறு ஆறுது, வாட்டி!”

“இந்தா வாரேன்ப்பா!” என்று தெருவிலிருந்து பதில் வரும். சில நாள் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சேர்ந்து வந்துவிடும்.

5

செப்டம்பரில் ஒரு நாள் கரண்டு போய், படக்கென்று வந்தது. டப் என்றொரு சத்தம். புகை.

தரணீதரன் பெட்டியைப் பிரித்தார். உள்ளே கோலிக்குண்டு அளவில் ஏதோ இரண்டு கருகிக் கிடந்தன. அடியில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு.

“கனத்துக்கு வெச்சிருக்கறாங்கண்ணா. கரண்டத் தாங்க உள்ள ஒண்ணுமே இல்லீங்க. ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போயிருச்சுங்க.” ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “அவருகிட்ட நான் சொல்லட்டுங்களா?”

“வேண்டாங்க. நானே சொல்லிக்கறேன்.”

இரும்பைப் பையில் போட்டுக்கொண்டேன்.

[சி.டி.யில் ஒரு பிரதி எடுத்திருக்கலாமே என்பீர்கள். ‘வர்ற ஞாயித்துக்கிழமை’ என்று சொல்லியிருந்தேன். அப்படி ஏழு ஞாயிறுகள் வந்தன.]

அவர் வீட்டுக்குப் போய், பதிவெல்லாம் போயிற்று என்று மட்டும் சொல்லி அழுதேன். இசக்கி எப்போதும் வைத்திருக்கும் நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘கரண்டு செஞ்ச வேலைக்கு நீங்க என்ன பண்ணுவீக அண்ணாச்சி. அழாதீக.’

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். இந்தக் கதையில் நடந்த குற்றம் மளிகைக்கடைத் தராசில் நடந்தது அல்ல. இந்தத் தலையாட்டலில் நடந்தது.

இப்போது அவர் கைதட்டிக் கூப்பிடுகிறார். நதியா வருகிறாள். பதில் குரல் கொடுப்பதில்லை.

6

முடிவு அ: சென்னையில் ஒருவர் ஹார்டு டிஸ்க்கைப் பிழைக்க வைக்கிறார். (போய்க் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.)

முடிவு ஆ: நதியா பொம்மையை அதட்டுகிறாள், “சோறு ஆறுது, வாட்டி!” அப்படியே அப்பன் குரல். (நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.)

முடிவு இ: ‘இசக்கி, அது கரண்டு இல்லை. கடைத் தம்பி வேண்டாமென்ற அந்தப் பெட்டிக்குள் கனத்துக்கு இருந்தது வெறும் இரும்பு. நான்தான்…’

மூன்றாவது வாக்கியத்தை வாயால் முடிக்க ஒன்றரை வருடம் முயன்றேன். குரல் இருக்கிறவனுக்கு வரவில்லை. அதனால்தான் கதை.

பெயரையாவது மாற்றுங்கள் என்றாள் என் மனைவி. மாற்றவில்லை. இதைப் படிக்கிறவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். நான் எழுதுவது எதில் வந்தாலும் வாங்கிப் படித்துவிட்டு, நோட்டில் கிண்டல் எழுதி அனுப்புவார்.

மற்றவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். முடிவு உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

இசக்கி, கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பேனா உன் சட்டைப் பையில் இருக்கும். என்ன வேண்டுமானாலும் எழுது. எவ்வளவு கனமாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். எடை போட மாட்டேன்.