மரப்பொந்துக்குக் கீழே ஆறு நாற்காலிகள்

விடுதி அறைக் கட்டிலில் பாதி இடத்தை லென்ஸ் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் கணவனும் மனைவியும் ஒடுங்கிப் படுத்து ஒருவழியாக இரவைக் கழித்திருந்தார்கள். விடிந்ததும் கணவர் அதை எடுத்துத் தொடையில் கிடத்தி, மெல்லிய துணியால் துடைக்க ஆரம்பித்தார். தன் பிள்ளைகளுக்குக்கூட அவர் அப்படி ஒருநாளும் துடைத்துவிட்டதில்லை. அவர்களைப் பெற்றவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பல்லாவது தேச்சீங்களா?"

"வெளிச்சம் போயிடும்மா. பல்லு எங்க போகப்போகுது?"

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். வேலை நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியையும் கிரீஸையும் பார்த்துச் சலித்துப்போய், நடுவயதில் கேமராவைக் கையில் எடுத்தவர். புகைப்பட சங்கத்துப் போட்டியில் தொடர்ந்து இரண்டு வருஷம் ஆறுதல் பரிசு. பரிசே கிடைக்காதவனுக்குக்கூட அவ்வளவு வலித்திருக்காது. இந்த முறை முதல் பரிசு வாங்காமல் விடுவதில்லை என்று கிளம்பியிருந்தார். குழுவில் எல்லோரும் அவருக்கு 'பீரங்கி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லென்ஸின் நீளம் அப்படி.

மனைவி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். அதனால் குழுவுக்கு அவள் 'சிஸ்டர்'. அவளுக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு இருவரும் சேர்ந்து போடுகிற முதல் லீவு இது. இவர் முகம் தொங்காமல் ஊர் திரும்பினால் போதும் என்பது மட்டும்தான் அவள் வேண்டுதல்.

'சின்னக் குழு, பெரிய காடு, நிச்சயக் காட்சி' என்று வேனின் மேல் எழுதியிருந்தது. இவர்களைத் தவிர ஓர் ஆடிட்டர், அவருடைய அக்கா, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஆக மொத்தம் ஆறு பேர். முன் சீட்டில் பச்சைத் தொப்பி போட்ட வழிகாட்டி திரும்பி உட்கார்ந்து, மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரலில் சொன்னான்.

"இன்னிக்கி நாம பாக்கப்போறது இருவாச்சி. பெரிய மஞ்ச அலகு. முட்டை போடற சமயம் வந்தா பொண்ணு மரப்பொந்துக்குள்ள போய் உக்காந்துக்கும். உள்ளேர்ந்தே மண்ணும் எச்சமும் வெச்சு வாசலைப் பூசிடும். அலகு நுழையற அளவுக்கு ஒரு சின்ன இடுக்கு மட்டும்தான் மிச்சம் இருக்கும். உள்ள போனதும் றெக்கை இறகெல்லாம் உதிர்ந்துடும். அதால பறக்க முடியாது. தனக்கும் குஞ்சுக்கும் ஆம்பளை கொண்டுவந்து ஊட்டினாதான் சாப்பாடு. அது வரலன்னா ரெண்டுக்கும் பட்டினிதான்."

"ச்சோ," என்றது வேன் முழுவதும்.

"எங்க வீட்ல நான் லேட்டா போனாலே கதவைத் திறக்க மாட்டாங்க. இங்க கதவையே பூசிட்டாளா?" என்றார் ஆடிட்டர். எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண் அந்தப் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து உடனே தோழிகளுக்கு அனுப்பினாள். கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் நன்றாகப் புரிந்தது. கதையாகப் புரிந்ததே தவிர, நமக்குச் சொல்கிறான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. சொன்னவனுக்கே உறைக்காதபோது மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

வேனை விட்டிறங்கி ஓர் ஓடையைத் தாண்டி நடந்தார்கள். பெரிய மரம் ஒன்று. இரண்டு மாடி உயரத்தில் பொந்து. அதன் நேர் கீழே, மரத்தை ஒட்டியே, ஆறு மடக்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன.

அந்த நாற்காலிகள் முதலில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவை. பொந்தைக் கண்டுபிடித்தவன் வழிகாட்டிதான். ஆரம்பத்தில் புதர் மறைவில் உட்காரவைத்து, தூரத்திலிருந்துதான் காட்டினான். அதைப் பார்த்துவிட்டுப் போன ஒருவர் இணையத்தில் எழுதினார்: 'பறவை எறும்பு சைஸில் தெரிந்தது. இரண்டு நட்சத்திரம்.' முதலாளி அன்றே கூப்பிட்டு, இன்னொன்று இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை. நாற்காலிகள் ஓடையைத் தாண்டின. அடுத்த குழு நாலு நட்சத்திரம் போட்டது. அவன் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டான். காலையில் ஒரு வேன், மதியம் ஒரு வேன். மனுஷன் எதற்கும் பழகிக்கொள்கிறானே, பறவை பழகாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பீரங்கி சார் முக்காலியை ஊன்றி லென்ஸைப் பொந்துக்கு நேராகத் திருப்பினார். சற்று நேரத்தில் தலைக்கு மேல் காற்றை அறுக்கிற சத்தம் கேட்டது. ஆண் இருவாச்சி எதிர்மரக் கிளையில் வந்து அமர்ந்தது. அலகின் நுனியில் சிவப்பாக ஒரு பழம். கேமராக்கள் படபடத்தன.

பறவை பொந்தைப் பார்த்தது. கீழே பார்த்தது. ஒரு கிளை நகர்ந்து மறுபடியும் கீழே பார்த்தது. பிறகு பறந்து போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி போனது.

"போஸ் குடுக்குது பாருங்க," என்றாள் ஆடிட்டரின் அக்கா.

"ஏம்ப்பா, அது ஏன் கிட்ட வரமாட்டேங்குது?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"கூச்ச சுபாவம் மேடம். பழகிடும்," என்றான் வழிகாட்டி. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். பூசிய வாசலின் இடுக்கில் ஓர் அலகு நுனி வெளியே வந்தது. திறந்தது, மூடியது, திறந்தது.

"ஹாய் சொல்லுது," என்றாள் புதுப்பெண்.

சிஸ்டருக்கு அது ஹாய் இல்லை என்று பட்டது. பசித்த வாயை அவள் தினமும் பார்க்கிறவள். அவள் வார்டில், பால் கொடுக்க உட்கார்ந்த தாயைச் சுற்றி உறவுக்காரர்கள் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், மாமியார் மச்சான் என்று பார்க்காமல் வெளியே விரட்டியிருப்பாள். இங்கே வாய் வரவில்லை. லீவில் வந்திருக்கிறோம், ஊருக்கில்லாத அக்கறை நமக்கென்ன என்ற எண்ணம் ஆளை எப்படி ஊமையாக்கிவிடுகிறது பாருங்கள். மெதுவாகக் கணவர் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க, நாம கொஞ்சம் தள்ளி உக்காரலாமா? நம்மைப் பாத்துதான் அது வரலையோ என்னவோ."

"இப்ப நகர்ந்தா எல்லாம் போச்சு. அது பழத்தை ஊட்டற நேரம் உள்ளேர்ந்து அந்த அலகும் வெளிய வரணும். ரெண்டும் ஒரே படத்துல. ஆறுதல் பரிசு வாங்கினவன் வயித்தெரிச்சல் உனக்குப் புரியாது."

ஆடிட்டர் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். அவள் அடங்கிவிட்டாள்.

ஆண் பறவை இன்னும் ஒருமுறை வந்தது. அலகிலிருந்து பழம் நழுவி விழுந்தது. வெறும் அலகோடு மலைப் பக்கம் பறந்து மறைந்தது. குழு ரொட்டியும் முட்டையும் பிரித்துச் சாப்பிட்டது. யார் வயிறும் காயவில்லை.

சாப்பிட்ட கையைத் துடைக்கும்போது மரத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டக், டக் என்று யாரோ உள்ளேயிருந்து சுவரைக் கொத்துகிற சத்தம்.

"வருது, வருது," என்று பீரங்கி சார் லென்ஸுக்குப் பின்னால் ஓடினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்து நாற்காலி மேல் விழுந்தது. புதுமாப்பிள்ளை வீடியோ எடுத்தபடியே கைதட்ட முயன்றான். வழிகாட்டி மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஐயோ வேண்டாம், வராத, வராத," என்று மரத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் யாரிடம் பேசுகிறான் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

அலகு வந்தது. தலை வந்தது. பிறகு உடம்பு பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அது விரித்தது றெக்கை இல்லை. இறகு உதிர்ந்து குச்சி குச்சியாக நின்ற இரண்டு மொட்டைக் கைகள். அவற்றை அடித்துக்கொண்டே நேராகக் கீழே விழுந்தது. சிஸ்டரின் காலடியில், துணி மூட்டை விழுகிற சத்தத்தோடு.

பீரங்கி சாரின் கேமரா மட்டும் டக டக டக என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்துங்க," என்றாள் சிஸ்டர்.

அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை. விரல் பொத்தான் மேலேயே விறைத்துப் போயிருந்தது. அவள் கிட்டே வந்து அந்த விரலைப் பிடித்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

பறவையை மடியில் எடுத்தாள். கனமே இல்லை. நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு விரலில் குத்தியது. எத்தனையோ தாய்மார்களைத் தொட்டுப் பார்த்த கை அது. பட்டினியை அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலகில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு சொட்டு உள்ளே போனது. அடுத்தது வழிந்தது. கண் இமை ஒருமுறை மேலே ஏறி இறங்கியது, அப்புறம் ஏறவில்லை.

"ஏன் வெளிய வந்துது?" என்று வழிகாட்டியைக் கேட்டாள்.

வழிகாட்டி தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். "தீனி வந்திருந்தா வந்திருக்காது மேடம். பசி தாங்காமதான் உடைச்சுக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும். தூரமா காட்டினா ஸ்டார் குறையுது மேடம். வேலை போயிடும்னு..."

ஆடிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். போன வருஷம் வேறொரு காட்டில் புலி வரவில்லை என்பதற்காக ஒற்றை நட்சத்திரம் போட்டு, அதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொன்னவர் அவர்.

"எனக்கும்தான் தோணுச்சு," என்றாள் சிஸ்டர். "தோணியும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னை மட்டும் சொல்லி என்ன?"

அப்போதுதான் மேலே, உடைந்த பொந்துக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் கேட்டது. மறுபடியும் கேட்டது. குஞ்சு.

சிஸ்டர் செத்த பறவையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"நாற்காலியைத் தூக்குங்க. எல்லாரும் ஓடைக்கு அந்தாண்ட போங்க. இப்பவே."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி நடந்தார்கள். புதுப்பெண் அழுதுகொண்டே செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். புதர் மறைவில் குந்தினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தக் காற்றை அறுக்கிற சத்தம். ஆண் பறவை கிளைக்கு வந்தது, கீழே பார்த்தது, நேராகப் பொந்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு சின்ன அலகு நீண்டது. தொண்டையிலிருந்து பழம் பழமாக எடுத்து ஊட்டியது. இத்தனை நாள் எவரும் பக்கத்தில் இல்லாதிருந்தால் அது இப்படித்தான் ஊட்டியிருக்கும்.

பெரிய அலகும் சின்ன அலகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பீரங்கி சாரின் லென்ஸ் பையில் இருந்தது. அவர் அதன் ஜிப்பைத் தொடக்கூட இல்லை. கைக்குட்டையால் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாதையில் ஹாரன் ஒலித்தது. மதிய வேன்.

வழிகாட்டிதான் முதலில் ஓடினான். இவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். வேனிலிருந்து தொப்பியும் பைனாகுலருமாக ஆறு பேர் உற்சாகமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பறவை பாக்க முடியாதுங்க. இன்னிக்கும் இல்ல, குஞ்சு பறந்து போற வரைக்கும் இல்ல," என்றான் அவன்.

"நிச்சயக் காட்சின்னு வேன்லயே எழுதியிருக்கே? நான் ஒரு ஸ்டார்தான் போடுவேன்," என்று ஒருவர் கைப்பேசியை எடுத்தார்.

"போடுங்க சார். கீழ என் பேரையும் போடுங்க. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண் சமாதானமாகக் கேட்டாள். "ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்திருக்கோம். நாங்க என்ன கல்லெறியவா போறோம்? சத்தம் போடாம நின்னு பாக்கத்தானே போறோம்?"

சிஸ்டர் துப்பட்டாவை விரித்தாள். மஞ்சள் அலகும் மொட்டைச் சிறகுகளும் வெயிலில் கிடந்தன. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள்.

"நாங்களும் கல்லெறியலம்மா. நாங்களும் சத்தம் போடல. கிட்டப் போய் உக்காந்து ஆசையா பாத்தோம், அவ்வளவுதான். இது தாய். நாங்க பாத்துக்கிட்டே இருந்ததுல பட்டினி கெடந்து செத்துப்போச்சு. குஞ்சு இன்னும் உசுரோட இருக்கு. அது மேல உண்மையிலேயே ஆசை இருந்தா, அதைப் பாக்காம திரும்பிப் போங்க."