மூன்று கொம்புள்ள மஞ்சள் ஓடு

பிடரியில் பிடித்த வலி தோளில் இறங்கி விரல் நுனி வரை வந்துவிட்டது. நடவு வயலில் இடுப்பு போகும், மைக்ராஸ்கோப் முன்னால் கழுத்து போகிறது. குனிகிற வேலை எதுவானாலும் உடம்பைத்தான் கேட்கிறது என்று நினைத்தபடி செவ்வந்தி கழுத்தை அமுக்கிவிட்டுக்கொண்டு மறுபடி கண்ணை வைத்தாள்.

கண்ணாடித் தகட்டில் அது கிடந்தது. தலைப்பக்கம் ஒரு கொம்பு, அடிப்பக்கம் இரண்டு, அதில் இடதுதான் நீளம். நடுவில் அரைஞாண் கட்டினாற்போல ஒரு பள்ளம். உடம்பெல்லாம் வரிசை பிடித்த முட்கள், ஒவ்வொரு முள்ளின் நுனியும் மூன்றாகப் பிளந்திருந்தது. டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் கடலுயிரின் ஓடு. காலம் கெட்டால் அது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு கடலடியில் கிடக்கும். காலம் திரும்பியதும் முதுகில் ஒரு சில்லைத் தள்ளி வாசல் திறந்து வெளியே போய்விடும். மிஞ்சுவது காலி ஓடு. எந்தச் சில்லு கழன்றது என்று பார்த்துப் பேரினம் சொல்வார்கள். முள்ளும் கொம்பும் பார்த்து இனம். இதன் வாசல் ஆறு மூலை வாசல், பெயருள்ள பேரினம்தான். மூன்றாய்ப் பிளந்த முள்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புது இனம் என்றால் ஒரு கட்டுரை, அவ்வளவுதான். ஆனால் இது வந்தது எண்ணெய்க் கிணற்றின் அடியாழத்து மண்ணைக் கட்டிய பையிலிருந்து. இந்தப் பேரினம் அவ்வளவு பழைய மண்ணில் இருந்ததாக யாரும் எழுதியதில்லை. அந்தப் பழமை நிலைத்தால் பட்டத்தோடு வேலையும் தேடி வரும் என்று திருச்சியில் அவள் ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் பெரியநாயகசாமி சொல்லியிருந்தார். அவர் அதிகம் சொல்கிற ஆளில்லை.

உறுத்தியது நிறம். ஆழத்து மண்ணில் பூமிச் சூடு ஏறி ஓடுகள் கருப்பட்டி நிறத்துக்குப் போயிருக்கும். அந்தப் பையில் மற்றவையெல்லாம் அப்படித்தான் இருந்தன. மூன்று கொம்பு மட்டும் வெளிர் மஞ்சள், சூடே காணாத மஞ்சள். இரண்டும் ஓர் ஆழத்து மண்ணாக இருக்க முடியாது. அந்தப் பையைக் கட்டியவன் அவள் அண்ணன் இராஜாங்கம்.

குடவாசலுக்குக் கிழக்கே அந்தக் கிணறு. கொடி பிடித்து அடிபட்டு, மிராசுதாரிடமிருந்து பிரித்து அப்பா பெயருக்கு வந்த உபரி நிலத்தின் நடுவேதான் ரிக் என்கிற துளை எந்திரத்துக்குப் பாதை விழுந்தது. அதற்கு ஈடாக வீட்டில் ஒருவருக்கு வேலை. எல்லாக் கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பெயர் சொல்லி மல்லுக்கட்டிய பிறகுதான் அது இராஜாங்கத்தின் கைக்கு வந்தது. துளைக்கும்போது மேலே வருகிற மண்தூளைப் பிடித்து, அலசி, ஆழத்தை எழுதித் துணிப்பையில் கட்டுகிற வேலை. தங்கை அந்தச் சேற்றைப் படிக்கிறாள் என்று தெரிந்ததும், நாம் சேற்றில் கிடந்தபோது ஒருத்தனும் பட்டம் கொடுக்கவில்லையே என்று கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் கிண்டல் செய்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவள் ஊருக்குப் போனபோது இராஜாங்கம் ஷிஃப்ட் முடிந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கரையில் உட்கார்ந்து, பைகளை எப்படி நிரப்புவாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனும் மறைக்காமல் சொன்னான். அடியில் போகப் போக மண் குறைவாகத்தான் வரும், பை பாதிகூட நிற்காது. மேல் ஆழத்தில் மிஞ்சியதை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தான். குறைகிற பைகளுக்கு அதிலிருந்து அள்ளி வாய் வரை நிரப்பிவிடுவான்.

"அந்தச் சாக்கு எந்த ஆழத்து மண்ணுண்ணே?"

"எல்லாத்துலயும் மிஞ்சுனது. அதுக்குக் கணக்கு ஏது? அதே குழியில வந்த மண்ணுதானே பாப்பா, வேத்து மண்ணா போட்டேன்?"

மஞ்சள் ஓடு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அளவு கொறஞ்சா கேப்பாங்கல்ல. களத்துல நெல்லு ஒரு மரக்கா கொறஞ்சுதுன்னு அப்பாவக் கட்டி வச்சு அடிச்சாங்க. நீ அப்பப் பொறக்கல. நான் பாத்துக்கிட்டு நின்னேன்." காலைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "தப்பாப் போச்சா?"

இனிமேல் குறைந்தால் குறைந்தபடியே கட்டு, ஒருத்தரும் அடிக்கமாட்டார்கள் என்றாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அந்த மண்ணில் நீ தேடுகிறதுக்கு உருவம் எப்படித்தான் இருக்கும் என்று கேட்டான். ஈரக் கரையில் குச்சியால் வரைந்து காட்டினாள். தலைகீழாகப் பார்த்தால் மாட்டு மூஞ்சி மாதிரி இருக்கிறது என்றான்.

"ஒரு தடவ கண்ணால காட்டிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அறுப்பு முடிந்ததும் திருச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாள்.

திரும்பி வந்து, அடியாழத்துப் பைகள் கலந்துபோய்விட்டன, அவற்றைத் தள்ளிவிடுகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னாள். யார் கட்டிய பை என்று கேட்டார்.

"எங்க ஊர்ல கட்டுனது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆள் பெயரைச் சொன்னால் அந்த ஆளுக்கு வேலை இருக்காது என்பது அவருக்கும் தெரியும். மேல் ஆழத்துப் பைகள் நன்றாகத்தானே இருக்கின்றன, அதில் தேடு என்று மட்டும் சொன்னார்.

தேடினாள். ஐப்பசி மழை முழுக்கக் கழுத்தை ஒடித்துத் தேடினாள். சாக்கு மண் படாத ஒரு மேல் பையில் அது நிறையவே கிடந்தது. அதே ஆறு மூலை வாசல், அதே பிளந்த முள், சுற்றிலும் இருந்தவையும் அதே மஞ்சள். இனம் நின்றது. பழமை மட்டும் போயிற்று, அதை நம்பியிருந்த வேலையும் கூடவே போயிற்று. பட்டம் வந்தது. வேலைக்கு இன்னும் மனு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அறுப்பு முடிந்தது. ரிக் நாகூர்ப் பக்கம் பெயர்ந்தது, இராஜாங்கமும் கூடவே போனான். இப்போது பை குறைந்தால் குறைந்தபடியே கட்டுகிறானாம். ஊருக்கு வரும்போதெல்லாம் மாட்டு மூஞ்சி சௌக்கியமா என்று கேட்கிறான், மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. அண்ணனைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் அந்த ஓட்டைக் கண்ணால் காட்ட வேண்டிய கடன் செவ்வந்திக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.