தலைவர் இல்லாத வீடுகள்

அரசாங்கம் கொடுக்கும் இலவச வீட்டுமனைப் பட்டியலின் முதல் பிரதியைப் பார்த்ததும் வஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பைநல்லூர்ப் பக்கத்தில் ராயம்மாளின் பேரைக் காணோம். அந்தத் தாள்களையெல்லாம் மடித்து அடுக்கப்போகிறவளே அச்சகத்தின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் ராயம்மாள்தான்.

தருமபுரியில் அப்துல் ஷுக்கூர் பாய் தம் அச்சகத்துக்குப் புதிதாக வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரை ஓட்டுபவள் வஹிதா. தாலுகா ஆபீசிலிருந்து வந்த பிளாப்பியில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் குடும்பத் தலைவர்கள், மற்றதில் வீட்டு ஆட்கள். இரண்டையும் கோத்தது தலைவரின் எண். அச்சு இயந்திரத்துக்கு அட்டவணை புரியாது. இங்கே வீடு தொடங்குகிறது, இவர் தலைவர், இவர்கள் உள்ளே, இங்கே வீடு முடிகிறது என்று குறி போட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக எழுதித் தரவேண்டும். அதற்குத்தான் வஹிதாவின் புரோகிராம். தலைவர் இல்லாத வீட்டுக்கு அதில் தொடக்கக் குறியே விழாது. ஆட்கள் அப்படியே உதிர்ந்துபோனார்கள்.

ராயம்மாளின் புருஷன் சவரி போன கோடையில் கிணறு வெட்டும்போது செத்துப்போனான். இறந்தவர்களை நீக்கச் சொல்லி உத்தரவு வர, தாலுகா ஆபீஸ் எழுத்தர் குப்புராஜ் சவரியை நீக்கிவிட்டார். இப்போது சட்டை மடிப்புக் கலையாமல் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மகன் இருந்தா அவனத் தலைவனாப் போடும்மா."

"ரெண்டும் பொண்ணுங்க சார்."

"அப்ப வுட்டுடு. அடுத்த பட்டியல்ல பாத்துக்கலாம்."

அடுத்த பட்டியலாம்! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ராயம்மாள் இருப்பது கொழுந்தன் நிலத்துக் குடிசையில். அவன் காலி பண்ணச் சொல்லிவிட்டான். இந்த மனையும் போனால் அவளுக்குத் தெருதான்.

"பையன்னா மூணு வயசுலயே தலைவனா இருக்கலாம், பெத்தவ இருக்கக் கூடாதுங்களா?"

"பொம்பளப் பேர் போட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்கம்மா."

"வஹிதா, சார்கிட்ட என்னம்மா பேச்சு?" என்றார் பாய்.

வஹிதா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தலைவர் இல்லாத வீட்டில் முதல் ஆளே தலை என்று ஒரு வரி சேர்த்து, அவர்கள் கண் முன்னாலேயே ஓட்டினாள். அரூர் தாலுகா முழுக்கப் பட்டியலில் விட்டுப்போன பெண்கள் பிள்ளைகளோடு தாளில் வந்து இறங்கினார்கள். குப்புராஜின் முகம் சிவந்தது.

"யாரக் கேட்டுப் பண்ண? எடுத்துடு எல்லாத்தையும்!"

"எடுக்கறேங்க. செத்தவர எடுக்க உத்தரவு இருந்துச்சு. உசுரோட இருக்கறவங்கள எடுக்க ஏது? இவங்க வூட்ல ஆளே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க." ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினாள். பின்கட்டைப் பார்த்து, "ராயம்மா, இப்படி வாங்க!" என்று கத்தினாள்.

ராயம்மாள் தாள் மடிக்கும் கட்டையோடு வந்து குப்புராஜுக்கு நேரே நின்றாள். அவர் பேனாவைத் திறந்தார். அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"மடிக்கலாமுங்களா?" என்று கேட்டாள் ராயம்மாள்.