ஐந்து கிலோவுக்குக் கீழே

இணையத்தில் சில்வண்டு என்ற புனைபெயரில் வந்தவன் சாவி கேட்டபோது, மருந்தாளுநர் கையிலிருந்த தேநீரை ஆறவிட்டுவிட்டார். அது பூட்டுச் சாவி அல்ல. குழந்தையின் எடையைத் தட்டினால் எத்தனை துளி மருந்து என்று சொல்லும் மென்பொருள் அவர் எழுதியது. ஒன்பது மருத்துவமனைகளில் ஓடுகிறது. நிரலைப் பொதுவில் வைத்திருந்தார். யாரும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் ஆறு வருடமாக அவர் ஒருவர் கையில். அந்த உரிமையில்தான் சில்வண்டு பங்கு கேட்டிருந்தான்.

எட்டு மாதமாகச் சம்பளமில்லாமல் உழைக்கிறான். எழுத்துப்பிழை, அச்சில் கோணிய வரி, பழைய கணினியில் திக்கும் திரை என்று எதையாவது சரிசெய்து அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை, அதுதான் உறுத்தியது. எலி அம்மணமாக ஓடுகிறதென்றால் சும்மாவா? முகம் தெரியாது, ஊர் தெரியாது. சாவி கைக்கு வந்ததும் ஒரே ஒரு தசமப் புள்ளியை நகர்த்திவைத்தால் போதும், ஒரு துளி பத்துத் துளியாகிவிடும். எங்கோ ஒரு குழந்தை அப்புறம் கண் திறக்காது. வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

தனக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாள் மதியம், அவன் அனுப்பிய அத்தனையையும் தோண்டினார். ஒவ்வொரு திருத்தத்தோடும், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருந்தான். சோதனைக்கு மாதிரியாக ஓர் எடை. மற்றவர்கள் பத்து கிலோ, இருபது கிலோ என்று போடுகிற இடத்தில் இவன் போட்டிருந்தது விநோதமாக இருந்தது. மாதவாரியாக ஓர் உறையின் பின்பக்கம் எழுதினார்: 3.4, 3.1, 3.9, 4.8, 5.5, 6.1, 6.6, 7.0.

தடுப்பூசி மையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் மனைவி, வேலை முடிந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, லாட்டரி நம்பரா?"

"சங்கேதம். மாசத்துக்கு ஒண்ணு வச்சிருக்கான். மாட்டிக்கிட்டான்."

"மாசத்துக்கு ஒண்ணா?" பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "நான் நாள் பூரா பாக்கறது இதைத்தாங்க. இது ஒரே குழந்தை. வளருது." அவள் விரல் இரண்டாவது எண்ணில் நின்றது. "இங்க மட்டும் எறங்கியிருக்கு. இந்த வயசுல எறங்கக் கூடாது. அப்ப என்ன ஆச்சு?"

அவருக்கு எப்படித் தெரியும்? 3.4 வந்தது அவனுடைய முதல் திருத்தத்தில். புது ஆள் என்பதால் படிக்காமலே மூடிவிட்டிருந்தார். மதியமும் எண்ணை மட்டும்தான் எடுத்திருந்தார். இப்போது முழுவதும் படித்தார். ஒரே ஒரு வரியை நீக்கச் சொல்லியிருந்தான். அவரே எழுதிய வரி: எடை ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் ஐந்து என்றே கொள்க. அதை எழுதிய காலத்தில் மென்பொருள் ஓடியது ஒரே மருத்துவமனையில். பிறந்த குழந்தைகள் அங்கே வருவதில்லை. இப்போதைய ஒன்பதில் மூன்று பிரசவ ஆஸ்பத்திரிகள்.

அதன் கீழே சில்வண்டு எழுதியிருந்தான்: "ஐந்து கிலோவுக்குக் குறைந்தவர்களும் இருக்கிறார்கள்."

அதற்கும் கீழே அவருடைய பதில்: "தேவையில்லை."

"மூணரை கிலோகூட இல்லாத அவன் குழந்தைக்கு, அஞ்சு கிலோ குழந்தையோட மருந்து," என்றார். "அதை எடுக்கத்தான் சாவி கேட்டிருக்கான்."

மனைவி அவர் கைபேசியை எடுத்து நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"மூணு பிரசவ ஆஸ்பத்திரிக்கும் முதல்ல போன் பண்ணுங்க."

அவர் எண்ணைத் தட்டிக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு வளர்ச்சி அட்டையை எடுத்து, உறையைப் பார்த்து எட்டுப் புள்ளிகள் வைத்துக் கோட்டால் சேர்த்தாள். கோடு நன்றாகத்தான் மேலே ஏறியது. தொடக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். அவள் பென்சில் அந்த இடத்தில் கொஞ்சம் அழுந்தியிருந்தது.